பிரம்புக் கதிரை

நாவற்குடாச் சாமித்தம்பியிடம் படம் பிடிக்க ஆட்கள் வருவது நின்று வெகுகாலமாகியிருந்தது. வாவியும் தோணியும் எடுத்து அலுத்துப்போனவர், வேறொன்றும் தோன்றாமல் முற்றத்தில் கிடந்த பிரம்புக் கதிரையைப் படமெடுத்தார். கழுவிப் பார்த்தால், வெறும் கதிரையின் பின்னல் ஆள் உட்கார்ந்திருப்பதுபோலத் தாழ்ந்திருந்தது. மறுநாள் எடுத்ததில் இன்னும் தாழ்ந்திருந்தது.

"இதில ஆரு இருந்தது?" என்றாள் மனைவி வள்ளிப்பிள்ளை.

"ஒருத்தருமில்ல."

அடுத்த நாள் அவரே அதில் உட்கார்ந்து, மூச்சடக்கி அசையாமல் இருந்தார். மனைவிதான் கமராவின் ரப்பர்க் குமிழை அமுக்கினாள்.

படம் காய்ந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பின்னல் தாழாமல் நேராக இருந்தது. பிறகு, அருகில் நின்ற சாமித்தம்பியைத் தாண்டி வீட்டுக்குள் குரல் கொடுத்தாள்:

"இஞ்சாருங்க, இப்பதான் வெறும் கதிரை சரியா விழுந்திருக்கு. எங்க போயிட்டீங்க?"