மற்ற வகை

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியின் டேட்டாபேஸ் அமெரிக்காவில் யாருடைய கம்ப்யூட்டரிலோ வாடகைக்குக் குடியிருந்தது. அதை வேகமான டிஸ்க்குக்கு மாற்றும் வேலையை, கம்ப்யூட்டர் மேனேஜர் சுந்தர்ராஜ் குத்துக்கல்லு மாதிரி இருக்க, புதிதாக வந்த ஜெனிஃபாவிடம் கொடுத்தார் முதலாளி.

"சனிக்கிழமை மாத்திடும்மா. ஸ்பீடு வந்தா ஏசி ரூம் உனக்குத்தான்."

அது சுந்தர்ராஜ் பதினைந்து வருடமாகக் கேட்கும் ரூம்.

அவள் மாற்றியதை யாருக்கும் தெரியாமல் பழையபடி ஆக்க, ஞாயிறு காலை ஆபீசுக்கு வந்தார் சுந்தர்ராஜ். திரையில் டிஸ்க் இரண்டே வகை; எது வேகம் என்று பெயரை வைத்துப் புரியவில்லை. இப்போது இருப்பதுதான் அவள் மாற்றியது என்று, அதை விட்டு மற்றதை அழுத்தினார். "இப்ப அந்தப் பொண்ணு இன்னா பண்ணுதுன்னு பாக்கலாம்" என்று சர்ச்சுக்குப் போனார்.

திங்களன்று ரிப்போர்ட்டெல்லாம் நொடியில் வந்து விழுந்தன. ஜெனிஃபாவுக்கு ஏசி ரூம்.

அவள் மெல்ல சுந்தர்ராஜிடம் வந்தாள். "சார், சனிக்கிழமை எனக்கு ஜுரம், நான் மாத்தவே இல்ல. பாஸ்வேர்டு நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்? எனக்காக நீங்களே மாத்திட்டீங்களா? கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பார் சார்!"