விரிஞ்சுதா அக்கா?

"விரிஞ்சுதா அக்கா?" கண்ணை மூடியபடியே கேட்டான் ஹுமைத்.

"அவ இன்னும் குதிக்கவே இல்லப்பா. டீயைக் குடி, ஆறுது."

துபாய் கடற்கரையில், வானிலிருந்து குதிக்கும் உலகப் போட்டி. என் டீக்கடை நாற்காலியில், பெரிய பையொன்றை மடியில் இறுக்கிக்கொண்டு நடுங்கினான் அவன். மேலே விமானத்தில் அவன் மனைவி ஷம்சா.

"போன மாசம் பாராசூட் சிக்கிக் கடல்ல விழுந்தா அக்கா. இன்னைக்கு இறங்கினதும் இதை விட்டுடச் சொல்லப்போறேன்."

"உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளிக்கு இப்படி ஒரு பொண்டாட்டி!"

வானில் மஞ்சள் குடை மலர்ந்தது.

"விரிஞ்சிடுச்சுப்பா!"

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

குறி தவறாமல் இறங்கிய ஷம்சா, சிரித்தபடி ஓடிவந்தாள்.

"இன்னும் இங்கயா உட்கார்ந்திருக்கே, ஹபீபி? அடுத்த விமானத்துல நீ குதிக்கணும்ல?"

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, மடியிலிருந்த பாராசூட்டை முதுகில் மாட்டினான். அவள் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். அவன் விசிலடித்துக்கொண்டே போனான். கையில் நடுக்கமே இல்லை.

விமானம் கிளம்பியதும் ஷம்சா அதே நாற்காலியில் உட்கார்ந்து, கண்களை இறுக மூடி, என் கையைப் பிடித்தாள்.

"விரிஞ்சதும் சொல்லுங்க அக்கா. இறங்கினதும் இதை விட்டுடச் சொல்லப்போறேன்."