கயிற்றின் மறுமுனை

சங்கு குளிப்பவனின் கயிற்றை மனைவியின் அண்ணன்தான் பிடிக்க வேண்டும். தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை.

கஸ்பார் கடலில் குதிக்குமுன், படகில் கயிறு பிடிக்கும் ரோச் கேட்டான்: "தங்கச்சி கன்னம் ஏன் வீங்கிக் கெடக்கு, மாப்ள?"

"வழுக்கி விழுந்துட்டா, மச்சான்," என்றான் கஸ்பார்.

ரோச் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான்.

கடலடியில் கஸ்பாருக்கு மூச்சு தீர்ந்தது. ஆக்சிஜன் கிடைக்காமல் தசையின் நொதிகள் சர்க்கரையை அரைகுறையாக உடைத்துத் தள்ள, அமிலம் ஏறித் தொடைகள் தீயாக எரிந்தன. இனி உதைத்து மேலேற முடியாது. மனைவியை அறைந்த அதே கையால், மேலே தூக்கச் சொல்லி இடுப்புக் கயிற்றை இழுத்தான். மறுபடியும் இழுத்தான்.

கயிறு தளரவில்லை, ஏறவுமில்லை. மேலே ஒரு கை அதைக் கெட்டியாகப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தது.