மச்சான் போட்ட பழி

"அக்கா, உன் வீட்டுக்காரர் மறுபடியும் சிகரெட் பிடிக்கிறார்!"

வீட்டில் நாலு உறவுக்காரர்கள் கூடியிருக்கும்போது மச்சான் இப்படிப் போட்டு உடைத்தான்.

அக்காவின் கணவரான லிஃப்ட் மெக்கானிக்குக்கு முகம் சிவந்துவிட்டது. கல்லீரலில் வைரஸ் என்று தெரிந்த அன்றே சிகரெட்டைத் தலைமுழுகியவர் அவர். அந்த வைரஸைக் கொல்ல வாரா வாரம் ஊசியும் போட்டுக்கொள்கிறார்.

"யாரைப் பார்த்துடா சொல்றே?"

"உங்களைத்தான் மாமா. அந்த வறட்டு இருமல் எங்கேர்ந்து வருது? மொட்டை மாடி மோட்டார் ரூமுக்குப் படி ஏறறதுக்குள்ள எத்தனை தடவை உட்கார்றீங்க! கூடவே வேலை செய்யறேன், பார்க்கத்தானே செய்யறேன்?"

"அது தூசிடா."

"தூசியா புகையான்னு நெஞ்சைப் படம் எடுத்தா தெரிஞ்சிடும். தைரியம் இருந்தா வாங்க!"

அக்கா தம்பியை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். இருமலை டாக்டரிடம் காட்டச் சொல்லி அவளும் தலைபாடாக அடித்துக்கொண்டாள்தான். ஒவ்வொரு தடவையும் அவரிடமிருந்து ஒரே பதில்.

"காட்டினா ஊசியை நிறுத்திடுவாங்கடி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கச் சொல்றியா?"

இப்போதோ, சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் கிளம்பிவிட்டார். ரோஷம்!

படத்தைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது சிகரெட் இல்லை. நீங்க போட்டுக்கிற ஊசியாலயே நுரையீரல்ல அழற்சி வந்திருக்கு. ரொம்ப அபூர்வம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்."

"கேட்டியாடா? சிகரெட் இல்லையாம்!" என்றார் மெக்கானிக், கூட வந்திருந்த மச்சானிடம், இருமலுக்கு நடுவே. அந்த நிலையிலும் அவருக்கு அதுதான் முக்கியம்.

ஊசியை நிறுத்தினார்கள். மாத்திரையில் மூச்சு மெல்லத் திரும்பியது. அதைவிடப் பெரிய சந்தோஷம் ரத்தப் பரிசோதனையில் வந்தது. போட்டவரைக்கும் போட்ட ஊசியிலேயே வைரஸ் செத்து ஒழிந்திருந்தது!

மெக்கானிக் மோட்டார் ரூம்வரை ஒரே மூச்சில் ஏறினார். வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்களில் ஒருவரையும் விடாமல் எல்லாருக்கும் போன் போட்டார்.

"ஜெயிச்சுட்டேன்! மச்சான் மூக்கு உடைஞ்சுபோச்சு!"

சமையலறையில் அக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிவு நல்லதாப் போச்சு, சரி. அதுக்காக அத்தனை பேர் முன்னாடி அபாண்டமா பழி போடுவியா? போய் மன்னிப்புக் கேளுடா."

தம்பி சிரித்தான்.

"மாமா சிகரெட்டைத் தொடவே இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. உடம்புக்காகக் கூப்பிட்டா அவர் வரமாட்டார். என்னைத் தோக்கடிக்கன்னா ஓடி வருவார்!"