சத்தம் போடாத மெஷின்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒக்கலிபுரத்து மெக்கானிக் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வருவதற்குள் முடிந்துவிடும்.

"மாப்பிள்ளை, அந்தப் பிசாசு இன்னைக்கே வெளிய போகணும். இல்லன்னா என் பேத்தியத் தூக்கிக்கிட்டு நான் எங்க ஊரு கே.ஜி.எஃப்.புக்குக் கிளம்பிடுவேன்!"

மாடிப்படியில் நின்று கத்தினாள் ஜோசபின். அவள் பிசாசு என்றது, ஒர்க் ஷாப் மூலையில் நின்ற, கருவிகளுக்குக் காற்று அழுத்தித் தரும் கம்ப்ரஸரை. கீழே ஒர்க் ஷாப், மேலே வீடு. மாப்பிள்ளை கிளிஃபர்ட் ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"அத்தை, அதை நிறுத்தி இருபத்தெட்டு நாளாச்சு. குழந்தை வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஸ்விட்ச் மேல டேப் ஒட்டினது நீங்கதான். வெறும் ஸ்பேனரால திருகித் திருகி என் கை வீங்கிக் கிடக்குது."

"அப்புறம் ஏன் புள்ள அழுவுது?"

ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று. மிளகாய் சுற்றிப் போட்டாயிற்று. சிவாஜிநகர் மாதா கோயிலில் மெழுகுவர்த்தியும் ஏற்றியாயிற்று. சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் குழந்தை தூங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ரயில் தடதடத்துப் போகும்போது மட்டும் சும்மா இருக்கும். போய் முடிந்ததும் வீரிட்டு அழும்.

"ரயில் சத்தத்துல பயந்துடுது. ரயிலை விக்க முடியுமா? இதையாவது வித்துத் தொலைங்க. என்னைக்காவது ஒரு நாள் நீங்க இதை ஓட்டத்தானே போறீங்க?"

கிளிஃபர்டுக்கும் வேறு வழி தெரியவில்லை. நேற்று அவன் மனைவி லீனா காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டு, சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றபடியே தூங்கிப் போனாள். அதைப் பார்த்த பிறகுதான் நட்டு கழற்ற, பேட்டரியில் ஓடும் புது மெஷினை வாங்கி வந்தான்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லீனா இறங்கி வந்தாள். புது மெஷினை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"இதையா வாங்கினீங்க? பேட்டரியோட சேர்த்தா கனக்குதே. தலை வேற பெருசு. சைலன்சருக்குப் பின்னாடி இருக்கிற போல்ட்டுக்கு இது நுழையுமா? நட்டு கழட்டுற நம்ம பழைய ஏர் ராட்செட்னா கட்டைவிரல் மாதிரி உள்ள போகும்."

"போகும். ஆனா அதுக்குக் காத்து குடுக்க அந்தக் கம்ப்ரஸர் ஓடணுமே. இது பாரு, பைப் இல்ல, சத்தம் இல்ல." விசையை அமுக்கினான். கொசு பறப்பதுபோல மெல்ல ரீங்கரித்தது.

"மத்தியானத்துக்குள்ள சார்ஜ் தீர்ந்துடும்."

"தீரட்டும். ரெண்டு பேட்டரி வச்சுக்கறேன். நீ ஒரு மணி நேரம் கண்ணை மூடினா எனக்கு அது போதும்டி."

லீனா கம்ப்ரஸரின் தூசியை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு, அழும் குழந்தையோடு மேலே போனாள்.

சிறிது நேரத்தில் கம்ப்ரஸரை விலைக்கு வாங்க லக்கேஜ் ஆட்டோவோடு வந்து சேர்ந்தார் வின்சென்ட். சிவாஜிநகரில் அவருக்கும் ஒர்க் ஷாப்.

"ஓட்டிக் காட்டு தம்பி."

"வேணாண்ணே. மேல புள்ள இருக்குது."

"பொண்ணைக் காட்டாமயே தாலி கட்டச் சொல்றியே! புள்ள எப்படியும் அழுதுக்கிட்டுதான இருக்குது? ஒரே நிமிஷம்."

மேலே ஜோசபின் படபடவென்று ஜன்னல்களைச் சாத்தினாள். கிளிஃபர்ட் டேப்பைக் கிழித்தான். சிலுவை போட்டுக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினான். தடதடதடவென்று கம்ப்ரஸர் உதறி எழுந்தது. காற்று ஏறியதும் பைப்பில் ஏர் ராட்செட்டை மாட்டி அமுக்கினான். டர்ர்ர்ர்!

"ஆயித்து, பேரம் முடிஞ்சது, கை குடு!" என்றார் வின்சென்ட்.

கிளிஃபர்ட் கை கொடுக்கவில்லை. மாடியைப் பார்த்தான். அங்கே அழுகை நின்றுபோயிருந்தது.

"அத்தை? லீனா!"

ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

தூளி அருகே ஜோசபின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே குழந்தை, ஷிப்ட் முடித்து வந்த ஆள் மாதிரி, கை விரல்களை விரித்துப் போட்டு அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, டாங்க்கில் காற்று நிறைந்து கம்ப்ரஸர் தானாக நின்றது. குழந்தையின் உதடு பிதுங்கியது.

"ஐயோ, நின்னுடுச்சே! போய் காத்தைத் திறந்து விடுங்க, மறுபடி ஓடட்டும்!" என்று அவனைப் பிடித்துத் தள்ளினாள் லீனா.

கீழேயிருந்து வின்சென்ட் குரல் கொடுத்தார். "தம்பி, வண்டியில ஏத்திடலாமா?"

ஜோசபின் ஜன்னலைத் திறந்து, ரகசியக் குரலில் சீறினாள். "அதுமேல கை வச்சீங்கன்னா தெரியும் சேதி! வேணும்னா அந்தப் பேட்டரி மெஷினை எடுத்துக்கிட்டுப் போங்க."

"எனக்கு ஒண்ணும் புரியலடி," என்றான் கிளிஃபர்ட்.

லீனா சிரித்தாள், கண்ணில் நீர் வழிந்தது. "வலி எடுத்த அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும், ஒம்பது மாசமும் அந்த ஏர் ராட்செட்டைப் பிடிச்சு நட்டு கழட்டின மெக்கானிக் நீங்களா, நானா? உள்ள இருந்து இவ கேட்ட தாலாட்டு அது ஒண்ணுதாங்க!"

உங்கள் வீட்டிலும் தூளி ஆடட்டும், கண்ணுகளா. எந்தச் சத்தத்தில் யாருக்குத் தூக்கம் வருமோ, அந்தச் சத்தம் குறையாமல் இருக்கட்டும்.