பச்சை அட்டை

அவர் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைப் பலகையில் டீச்சர் வரைந்த ஏணி. கால் தரையில், தலை நிலாவில். நடுவில் ஒரு ஆள், குச்சி குச்சியாக.

பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு பாட்டு. ஒருத்தன் நிலாவைத் தொட ஏறுகிறான். ஐந்து வரி எழுதியிருந்தது. ஆறாவது வரியில் வெறும் கோடு. அதை இவர்கள்தான் எழுத வேண்டும்.

வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் டார்மிட்டரியின் சாப்பாட்டுக் கூடம். ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி. பதினோரு பேர், எல்லாரும் கட்டட வேலை. அவர்தான் மூத்தவர்.

டீச்சர் நளாயினிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சிங்கப்பூர்க்காரப் பெண். இலக்கணம் பக்கமே போக மாட்டாள். கதை, இல்லாவிட்டால் பாட்டு. படித்து முடித்ததும் மூன்று கேள்வி.

யார்? எங்கே? என்ன செய்தான்?

மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் கதை உங்கள் கைக்கு வந்துவிட்டது என்பாள்.

"இவனால ஏற முடியாது டீச்சர்," என்றான் பெயிண்டர் காளிராசு.

"ஏன்?"

"ஏணியில பச்சை அட்டை இல்லையே."

கூடம் சிரித்தது.

"பெல்ட்டும் போடல பாரு."

"போட்டாலும் கொக்கியை எதுல மாட்டுவான்? நிலா மூக்குலயா?"

டீச்சருக்கு விளங்கவில்லை. காளிராசு விளக்கினான். சாரம் கட்டி முடித்ததும் சேஃப்டி ஆள் வந்து குழாய், பலகை, கட்டு எல்லாவற்றையும் சோதிப்பார். அதற்கப்புறம் பச்சை அட்டை தொங்கும். தொங்கினால் ஏறலாம். இல்லாவிட்டால் சாமியே வந்தாலும் கீழேதான் நிற்க வேண்டும்.

"நல்லா இருக்கே. அதையே எழுதுங்க."

அவர் சிரிக்கவில்லை.

சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. நாலாக மடித்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால் சவரிமுத்து சாரத்தின் மூன்றாம் தட்டிலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு போயிற்று. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் இங்கிலீஷில் அடித்த இந்தத் தாளை நீட்டினார்.

"ஒண்ணுமில்லண்ணே. விழுந்தான்னுதான் போட்டிருக்கு. ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார். முப்பத்தெட்டு வயதில் தமிழ் எழுத்துக் கற்றவர். கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுவதில் அவருக்கு ஒரு பெருமை. முழுப் பெயரையும் போட்டார். நகல் ஒன்று அவர் கைக்கும் வந்தது.

மறு வாரம் இந்த வகுப்பில் சேர்ந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நாளைக்கு விசாரணை. அதிகாரி தாளைப் படிப்பார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. தப்பெல்லாம் சவரிமுத்து தலையில். இல்லை என்றால் ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சூப்பர்வைசர் மிரட்டவெல்லாம் இல்லை. தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவர் மேசைக்கு அடியில் தாளைப் பிரித்தார். டீச்சரின் கதைகளில் வந்த நரியும் குருவியும் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ். விரல் வைத்து மெதுவாகப் போனார்.

யார்? சவரிமுத்து.

எங்கே? மூன்றாம் தட்டு.

என்ன செய்தான்?

விரல் நின்றது. அவனாகவே கொக்கியைக் கழற்றினான் என்று இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு சொல். ஐ சா. நரிக் கதையில் வந்ததுதான். நான் பார்த்தேன்.

அவர் பார்த்தது வேறு. விழுந்து கிடந்தவன் பக்கத்தில் ஒரு குழாயும் கிடந்தது. பெல்ட்டின் கொக்கி அதில் மாட்டினபடியே இருந்தது. கட்டு விட்டுப்போய்க் குழாயே அவனோடு வந்திருக்கிறது.

தாளில் குழாய் இல்லை. பச்சை அட்டையும் இல்லை.

அன்று காலை சேஃப்டி ஆள் வந்து சேரவில்லை. அந்த வேலைத் தளத்தில் அது வழக்கம்தான். முதலில் அட்டை, அப்புறம் சோதனை. சோதிக்கிற ஆள் வரும் வரைக்கும் யார் சும்மா நிற்பது. சூப்பர்வைசர் அட்டையை நீட்டினார். வாங்கிக் கட்டியது இவர். காற்றில் திரும்பாதபடி கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"அட்டையைப் பாத்துட்டுத்தானண்ணே ஏறுனேன்," என்றான் சவரிமுத்து, ஆஸ்பத்திரியில். அட்டையைக் கட்டியது யார் என்று அவனுக்குத் தெரியாது.

டீச்சர் ஒவ்வொரு நோட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். காளிராசு நிலாவுக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டிருந்தான். இன்னொருத்தன் ஏறினவனை மதியச் சாப்பாட்டுக்கு இறக்கிவிட்டான்.

இவர் நோட்டில் இங்கிலீஷில் ஒரே வரி. எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன.

பச்சை அட்டையைக் கட்டியது நான்.

"தப்பே இல்ல அங்கிள்," என்றாள். பிறகு பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா பாட்டுல ஏறுறவன் ஒருத்தன்தானே இருக்கான். இது யாரு? எங்க நிக்கிறாரு?"

அவர் எழுந்து போனார். மார்க்கரை வாங்கினார். ஏணிக்குக் கீழே ஒரு குச்சி ஆளை வரைந்தார். அதன் ஒரு கையை ஏணி வரைக்கும் நீட்டிவிட்டார்.

யாரோ கை தட்டினார்கள்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். நோட்டின் நடுவிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். அதே வரியை மறுபடியும் எழுதினார். அதற்குக் கீழே குழாய், கொக்கி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கடைசியில் முழுப் பெயர்.

இன்றைக்கு என்ன தேதி என்று காளிராசுவிடம் கேட்டார்.

சொன்னான்.

ஒன்று கூட்டி, நாளைய தேதியாகப் போட்டார்.