முதல் சாட்சி

என் கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பேனாவை மூடி, தாளை மாதவன் சார் பக்கம் நகர்த்தினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

பாலக்கரைச் சந்தில் நாங்கள் குடியிருக்கும் இந்த வீட்டை மாமா அந்தத் தாளில் எழுதி வைத்திருந்தார். தன் ஒரே மகன் ஆசீருக்கு இல்லை. மருமகள் ஃபெமினாவுக்கு. எனக்கு.

சண்டை வரும் என்று நினைத்துக் காலையிலேயே மகள் பெலிண்டாவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இரண்டு வருடமாக வீட்டில் இதுதான் பேச்சு. காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக்காரர் ஒருவருக்குக் குடோன் வேண்டும். வீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விடலாம் என்பார் இவர். மாமா காதிலேயே வாங்க மாட்டார்.

"அவன் கைக்குப் போனா மறுநாளே வெங்காய மூட்டை வந்து இறங்கும். நீயும் பிள்ளையும் எங்கம்மா போவீங்க?" என்று என்னிடம் மட்டும் கேட்பார்.

போன மாதம் பூசை முடிந்ததும் மாதா கோயிலில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். குறைந்த செலவில் உயில் எழுதுவது பற்றி. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும், சாட்சிக்கு இரண்டு பேர் இருந்தால் சரி. மாமா அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குப் பொடி எழுத்து தெரிவதில்லை. புதன்கிழமை அதை வாசித்துக் காட்டியது இவர்தான். என்ன எழுதப்போகிறேன் என்பதை மாமா மறைக்கவில்லை. மறைத்துச் செய்வது அவருக்குப் பழக்கமில்லை.

"சொத்தைப் பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது," என்று வாசித்துவிட்டு இவர் நிறுத்தினார்.

"அப்ப ஃபெமினா போடக் கூடாது. நீ போடுறா. நீயே சாட்சி போட்டுட்டா நாளைக்கு ஒரு பேச்சு வராது பாரு."

நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"அதுக்கென்னப்பா. போட்டுட்டாப் போச்சு."

அவ்வளவுதான் சொன்னார்.

அன்றிலிருந்து நான் இவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். குளிக்கிறார், சாப்பிடுகிறார், பேப்பரில் வீட்டுமனை விளம்பரங்களுக்குக் கீழே வழக்கம்போலக் கட்டைவிரல் நகத்தால் கோடு இழுக்கிறார். மனதுக்குப் பிடித்த வரி எதுவானாலும் அப்படித்தான். என் ஜெபப் புத்தகத்தில்கூட இவர் நகம் பட்ட இடங்கள் உண்டு.

கோபம் எங்கே போனது?

பன்னிரண்டு வருடம் பக்கத்தில் படுத்திருந்தும் இந்த மனிதரை எனக்குத் தெரியவில்லையா? அல்லது எனக்குச் சௌகரியமாக இருந்ததென்று நான்தான் இவரைப் பொல்லாதவராக்கி வைத்திருந்தேனா?

வீடு வேண்டும் என்று நான் ஒருநாளும் மாமாவிடம் கேட்டதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

இரண்டாவது கையெழுத்து மாதவன் சாருடையது. மாமாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, மாமா சொல்லச் சொல்ல முழுவதையும் எழுதிக்கொடுத்ததும் அவர்தான்.

"எங்க அக்கா பேருக்கு அப்பா எழுதினப்போ அவ ஆத்துக்காரர், எங்க அத்திம்பேர்தான் சாட்சி. ஒரு சிக்கலும் வரலை ஓய்," என்றார், தேதியைப் போட்டுக்கொண்டே. "உம்ம பிள்ளை தங்கம்."

இவர் சிரித்தார். கூச்சப்பட்டதுபோல இருந்தது.

உள்ளே போய்க் காபி கலந்தேன். இவருடைய டம்ளரில் மட்டும் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

குடித்துவிட்டு, "என்ன இவ்ளோ இனிப்பு?" என்றார்.

மாதவன் சார் போன பிறகு இவர் பேப்பரை விரித்துக்கொண்டார்; நான் டம்ளர்களை எடுத்தேன். ஒன்றின் அடியில் அந்த நோட்டீஸ் இருந்தது.

"அதையும் உயிலோட சேத்து பைபிளுக்குள்ள வச்சிரும்மா," என்றார் மாமா. கறுப்புக் கண்ணாடிக்குள் அவர் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, தெரியவில்லை. குரல் மட்டும் நிம்மதியாக இருந்தது.

காபி ஈரத்தில் மடிப்பு ஒட்டியிருந்தது. கிழியாமல் பிரித்தேன்.

சொத்தைப் பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. மடிப்புக்கு மேலே கடைசி வரி அது.

மடிப்புக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

கிறிஸ்தவர்கள் எழுதும் உயிலில், பெறுபவரின் கணவனோ மனைவியோ சாட்சி போட்டாலும் அவருக்கு எழுதியது செல்லாது.

இரண்டு தடவை படித்தேன். எனக்கு எழுதியது செல்லாது என்றால், அத்தையும் உயிரோடு இல்லாதபோது, மாமாவுக்குப் பிறகு வீடு ஒரே பிள்ளைக்கு.

மடிப்பில் மறைந்திருந்ததால் இவர் கண்ணில் பட்டிருக்காது. மாதவன் சாருக்கே தெரியவில்லையே. அப்படித்தான் இருக்கும். சற்றுமுன் அத்தனை இனிப்பாகக் காபி கலந்து கொடுத்தவள் நான். அப்படி இல்லாவிட்டால் என்னை நான் என்ன செய்துகொள்வது?

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன்.

அந்த வரிக்குக் கீழே, மை இல்லாமல், ஒரு கோடு பதிந்திருந்தது. நகத்தின் கோடு.

"மாமா," என்றேன்.

ஒருவரைத்தான் கூப்பிட்டேன்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.